பழைய புல்லட்டுக்குப் புது ஷாக்

வாசலில் புல்லட் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. வழக்கமாக வண்டியை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி இறங்குகிற மனிதர், அன்று இறங்கவே இல்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

“ஏ சரசு! போட்டது போட்டபடி கெடக்கட்டும். வந்து வண்டில ஏறு.”

எனக்குக் கையெல்லாம் கேப்பை மாவு. “என்னங்க, வீடா பத்திக்கிருச்சு?” என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

“வண்டிக்கு மாட்டுன புது ஷாக்கு இளகிருச்சுடி. வந்து உக்காந்து பாரு. பரமசுகம்!”

பரமசுகம் என்பது மலைக்கு மேலே போய் என் வீட்டுக்காரர் பொறுக்கிக்கொண்டு வந்த சொல். முருகேசன் என்ற பெயர் அவருக்குக் கூடலூரில்தான் செல்லும். ஏலக்காய்த் தரகுக்காக வருஷக்கணக்கில் போய்வந்த குமுளிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் அவர் ‘புல்லட் அண்ணன்’. அங்கே கேட்ட மலையாள வார்த்தைகளில் நாலைந்து அவர் நாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. ரசம் நன்றாக இருந்தாலும் பரமசுகம், வெந்நீர் பதமாக இருந்தாலும் பரமசுகம். முதுகுவலி வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்கவே இல்லை. அதனால் மறுபேச்சில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

லோயர் கேம்ப் வரைக்கும் போனோம். மலைச்சரிவில் இறங்குகிற பெரிய தண்ணீர்க் குழாய்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அவர் சட்டையில் ஏலக்காய் வாசனை. ஒவ்வொரு பள்ளத்தையும் தாண்டியதும் கழுத்தைத் திருப்பி, “பாத்தியா? பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் என்னத்தைப் பார்ப்பது? வாய்க்கால் பாலத்தில் தூக்கிப் போட்ட போட்டில் எனக்குப் பல்லோடு பல் மோதியது.

“எனக்கு ஒன்னும் இளகுனாப்புல தெரியலைங்க. மாட்டுன அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு.”

“ஒனக்கு என்னைக்கு எது நல்லாருந்துச்சு?”

அதோடு பேச்சு நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டே வந்தார். வண்டி ஓட்டுகிறவர் வேறு எதைக் காட்ட முடியும் என்று கேட்பீர்கள். கோபமான முதுகு எது, சும்மா இருக்கிற முதுகு எது என்று பின்னால் உட்கார்ந்து வருகிறவளுக்குத் தெரியும்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, சத்துணவுக்கூடத்தில் முட்டை வேகாத கதையைப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று சிலர் சொன்னார்கள். இந்த வாரம் அதை எதிர்பார்க்காதீர்கள். எழுதவேண்டாம் என்றுதான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பின்சீட்டில் ஒரு ஜென்மம்

கல்யாணமான மறுவாரம் அந்த வண்டியில் ஏறினேன். அப்போதே அது பழைய வண்டி. சின்னமனூரில் யாரோ ஒரு நெல் வியாபாரி வைத்திருந்ததை இவர் வாங்கியிருந்தார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பிரேக்கென்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள்.

சேலை கட்டியவள் ஒருபக்கமாகத்தான் உட்காரவேண்டும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் சாலையில் இருக்கிற அத்தனை மேடு பள்ளமும் இடதுபக்க இடுப்பெலும்பில் வந்து கணக்குத் தீர்க்கும். கூடலூரிலிருந்து கம்பம் போகிற சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இங்கே புளியமரத்து வேர் தார் சாலையைத் தூக்கியிருக்கிறது, இங்கே குழாய்க்குத் தோண்டிவிட்டு மூடாமல் போனார்கள், இங்கே கல்யாண மண்டபத்துக்கு எதிரே அறிவிப்பு இல்லாத வேகத்தடை. சாலையைச் சோதிக்கிற அதிகாரிகள் என் இடுப்பைக் கேட்டிருந்தால் ஒரு ஒப்பந்தக்காரருக்கும் பில் பாஸாகியிருக்காது.

இவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொத்தமாக நடுமுதுகில் வாங்கினார். போதாததற்குப் பின்னால் ஏலக்காய் மூட்டை. மலையேற்றம், இறக்கம், மழை, பனி. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி ஓடினால் எந்த முதுகு தாங்கும்?

டாக்டர் சொன்னது

கொரோனா முடிந்து ஊர் பழைய நிலைக்கு வந்த சமயம். ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. இடுப்பிலிருந்து இடது கால் வரை வெட்டி வெட்டி இழுக்கிறது என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். மாத்திரை, இடுப்புக்குப் பெல்ட், பயிற்சி எல்லாம் எழுதிக் கொடுத்தார். கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். புல்லட்டை இனிமேல் தொடக்கூடாது. கால் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்காமல் உடனே வரவேண்டும்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

“வண்டிய விட்டுட்டு நான் எப்படி மலைக்குப் போவேன், சரசு? எஸ்டேட்டுக்குள்ள பஸ்ஸா வருது? ஒவ்வொரு எடத்துக்கும் ஜீப்பு பிடிச்சா தரகுல என்ன மிஞ்சும்?”

“ஒடம்பு இருந்தாத்தான தரகு. டாக்டரு சொன்னாகல்ல.”

“டாக்டரு சொன்னாக, சரி. ஆனா அவுக தொடக்கூடாதுன்னது எதுக்கு? குலுங்குதுன்னுதான? குலுங்காம ஆக்கிப்புட்டா?”

இப்படித்தான் எங்கள் ஊர் ஆம்பளைகள் யோசிப்பார்கள். உடம்புக்கு வண்டி ஒத்துவரவில்லை என்றால் வண்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

ஆனால் எனக்குத் தெரியும், அவருக்குப் பயம். மலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்ற பயம். அந்த வண்டி நின்றால் தானும் நின்றுபோவோம் என்று நினைத்தார். அந்தப் பயத்தின் மேல்தான் அந்த ஷாக் வந்து ஏறியது.

மஞ்சள் ஸ்பிரிங்

கம்பத்தில் பட்டறை வைத்திருந்த சேகர்தான் எங்கள் வண்டிக்கு எப்போதும் மெக்கானிக். என்னை மதினி என்று கூப்பிடுவார். இவரைவிட வயதில் ரொம்ப இளையவர், ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கள்தான்.

பழைய ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்துக் கிடந்தன. அதே மாதிரி பழையதை மாட்டாமல், இப்போது புது வண்டிகளுக்கு வருகிற, கேஸ் அடைத்த ஷாக் மாட்டலாம் என்றார் சேகர். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். மஞ்சள் நிற ஸ்பிரிங், பக்கத்தில் சின்ன டப்பா ஒன்று தொங்கும். கறுத்துப்போன அந்தப் பழைய வண்டியில் அதை மாட்டியபோது, கிழவனுக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி இருந்தது.

மாட்டுவதும் லேசில் நடக்கவில்லை. பழைய போல்ட்டுக்குப் புது ஷாக்கின் ஓட்டை பெரியது. லேத்தில் கொடுத்து, உள்ளே வைக்கப் புஷ் என்கிற இரும்பு வளையம் கடைந்தார்கள். ஒரு பக்கம் செயின் கவர் உரசியது, அதைத் தட்டி வளைத்தார்கள். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்துவிட்டதால் பிரேக் கம்பியைத் திரும்ப அளவு வைத்தார்கள். இவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, இடுப்பில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை நாளும் வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த மனிதர், அங்கே சாப்பாட்டைக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதை ஒரு பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், மறுபக்கம் திருப்பினால் இளகும். ஏலக்காய் மூட்டையும் நானும் ஏறுகிற வண்டி என்பதால் சேகர் அதைக் கடைசிப் படிக்குத் திருப்பி இறுக்கினார்.

“அண்ணே, புதுசுல கல்லு மாதிரிதான் இருக்கும். ஓட ஓட இளகும். இளகலைன்னா கொண்டாங்க, படியக் கொறச்சு விடுறேன்.”

இந்த வார்த்தையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் நல்ல மனசோடு சொன்னது. கேட்டவர் நம்பிக் கேட்டது. யாரைக் குறை சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

முதல் சில நாட்கள் கல்லு மாதிரிதான் இருந்தது. இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். இளகும், இளகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் உண்மையாகவே இளக ஆரம்பித்தது. இன்றைக்குப் பரவாயில்லை என்பார். அடுத்த நாள், குமுளி இறக்கத்தில் அலுங்காமல் வந்தேன் என்பார். கடைசியில் அந்தப் பரமசுகம் வந்தது.

வலியும் போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாத்திரை டப்பாவை மூடி வைத்தார். டாக்டருக்குத் தெரியாத வைத்தியத்தைச் சேகர் செய்துவிட்டார் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் மட்டும்தான் அபசகுனம் மாதிரி, “எனக்கு இளகலையே, எனக்கு இளகலையே” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். லோயர் கேம்ப் போய்வந்த அன்று சொன்னேன். அதற்குப் பிறகும் சொன்னேன். சேகரிடமே போனில் சொன்னேன். “பின்சீட்டுல அப்படித்தான் இருக்கும், மதினி. சக்கரத்துக்கு மேலயே உக்காருறீகள்ல?” என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பொம்பளை இடுப்பு சொல்வதை எந்தப் பட்டறையில் எடுத்துக்கொள்வார்கள்?

ஒற்றைச் செருப்பு

ஒருநாள் சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இடது கால் வெறுங்கால். அவருக்கே அது தெரியவில்லை. நான் சொல்லித்தான் குனிந்து பார்த்தார்.

“அட, எங்கன விழுந்துச்சுன்னே தெரியல.”

“இன்னொன்ன எந்த எஸ்டேட்டுல அடகு வச்சுட்டு வந்தீக?” என்று கேலி பேசினேன். அவரும் சிரித்தார். புதுச் செருப்பு வாங்கினோம். அதே வாரத்தில் அதிலும் ஒன்று போயிற்று. வயசாகிறது, மறதி வருகிறது என்று நினைத்தோம்.

அப்புறம் அந்தத் தீய்ந்த வாடை. குமுளியிலிருந்து இறங்கி வந்து நிறுத்தினால் பின்சக்கரத்திலிருந்து ரப்பர் கருகின மாதிரி நாறும். சக்கரத்தை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று சேகர் மாற்றினார். கொஞ்ச நாளில் அதுவும் தேய்ந்து, திரும்ப நாற்றம். ஷாக் மாற்றியதில் பின்பக்கம் உயர்ந்திருக்கிறது, அதனால் பிரேக் கம்பி இழுத்துப் பிடிக்கிறது என்று சேகர் காரணம் சொன்னார். கேட்டால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் அந்த ஷாக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாரையும் நாங்கள் கேட்கவில்லை.

சக்கரம் சுற்றவில்லை

இரண்டாவது தடவை பிரேக்குக்காகப் போனபோது நானும் கூடப் போனேன். கம்பம் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பலாம் என்று திட்டம்.

சேகர் பிரேக் ஷூவை மாற்றிவிட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கத் தானே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பைபாஸ் வரை போய்த் திரும்பி வந்தவர் இறங்காமலே கேட்டார்.

“அண்ணே, ஷாக்கு இளகிருச்சுன்னு சொன்னீக?”

“ஆமா. பரமசுகமா இருக்கே.”

“எங்க இளகிருக்கு? மாட்டுன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. எனக்குக் கழுத்து வரைக்கும் தெறிக்குது.”

நான் உடனே, “கேட்டீகளா? நான் சொன்னப்ப...” என்று ஆரம்பித்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

இவர் சிரித்துக்கொண்டே, “ஒனக்கு ஓட்டத் தெரியலடா” என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அதற்குள் சேகர் இறங்கி வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டிருந்தார். பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. பிரேக் ஷூ உரசுகிறதா என்று பார்க்கச் சேகர் கீழே உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றவில்லை.

“அண்ணே, பிரேக்ல இருந்து கால எடுங்க.”

“எடுத்துத்தான் இருக்கேன்.”

சேகர் திரும்பவும் சுற்றிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை. “கால எடுங்கண்ணே.”

“டேய், எடுத்துட்டேன்றேன்ல?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். அவருடைய இடது கால் பிரேக் மேல்தான் இருந்தது. நல்ல கனமாக, தூங்குகிற மனுஷனின் கால் மாதிரி, அழுத்திக்கொண்டு இருந்தது.

சேகர் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். சக்கரம் சுற்றியது.

நான் குனிந்து அவர் கட்டைவிரலைக் கிள்ளினேன். நகம் பதிகிற அளவுக்குக் கிள்ளினேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, மரத்துப் போச்சா?”

“மரத்துப் போகலயே. நல்லாத்தான இருக்கு. வலியே இல்லையே, சரசு.”

குமுளி இறக்கம் முழுக்க, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் தன் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது தெரியாமல்தான் அவர் தினமும் இறங்கி வந்திருக்கிறார். உட்கார்கிற இடத்தில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் ஷாக் இளகுகிறது என்று நினைத்தார். ஓட ஓட இளகும் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா? அப்படியே நாளுக்கு நாள் இளகியது.

சேகர் பட்டறையை அப்படியே போட்டுவிட்டுக் கார் பிடித்தார். காய்கறிப் பை அங்கேயே கிடந்தது.

வலி போன நாள்

தேனி டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். இரண்டு கணுக்காலிலும் குத்தினார், தொடையின் பின்பக்கம் குத்தினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, “குத்துங்க, குத்துங்க” என்றார். டாக்டர் குத்திக்கொண்டுதான் இருந்தார்.

“ஒன்னுக்கு வர்றது தெரியுதா?” என்று டாக்டர் கேட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரிவதில்லை என்பதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. வயசானால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாராம்.

“வலி எப்ப போச்சு?”

அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். புது ஷாக் மாட்டியது, முதலில் கல்லாக இருந்தது, பிறகு இளகியது, வலி போனது எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“வலி போனப்பவே நீங்க வந்திருக்கணும்” என்றார் கடைசியில்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அழுத்திக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டார்கள். நரம்பு திரும்புவது அதன் இஷ்டம் என்றார்கள். அதற்கு இஷ்டமில்லை. வலது கால் ஓரளவு வந்தது. இடது கால் வரவில்லை. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறது, அந்தப் பையைக் காலையிலும் சாயங்காலமும் நான் மாற்றுகிறேன். எனக்கு அதில் ஒன்றும் அருவருப்பு இல்லை. நான் மாற்றும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

சேகர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்பிரிங்கைத் திருப்புகிற ஸ்பேனர். “படியக் கொறச்சு விட்டுர்றேன், மதினி. நான்தான் இளகும்னு சொன்னேன்” என்று வாசலிலேயே நின்று அழுதார். ஓடாத வண்டிக்கு எதற்கு அதெல்லாம் என்று உள்ளே இருந்து இவர் சத்தம் போட்டார். சேகரைக் காபி குடிக்க வைத்து அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்பிரிங் இறுக்கிய கடைசிப் படியிலேயே நின்றது.

தேவாரத்துக்காரர்

வண்டியை விற்றுவிடலாம் என்று இவரேதான் சொன்னார். இப்போது பழைய புல்லட்டுக்கு ஏக கிராக்கி. கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு தேவாரத்தில் சொந்த வீட்டில் இருக்கிற ஒருவர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தார். முப்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார். சாவியைக் கொடுத்தேன். உதைத்து எடுத்துக்கொண்டு லோயர் கேம்ப் பக்கம் போனார்.

இவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். சத்தம் தேய்ந்து போவதையும், ரொம்ப நேரம் கழித்துத் திரும்ப வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவாரத்துக்காரர் வந்து இறங்கினார். வாங்க வந்தவர்கள் எல்லாரையும் போல முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டார்.

“எஞ்சின் அருமையா இருக்குண்ணே. ஆனா பின்னாடி ஷாக்கு சரியில்ல. தூக்கித் தூக்கிப் போடுது.”

விலையைக் குறைப்பதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கன தூக்கிப் போட்டுச்சு?”

“அந்த வாய்க்கால் பாலத்துலண்ணே.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு வேகத்தடை இருக்குல்ல, அங்கன. திரும்பி வர்றப்ப ஒரு பள்ளம். எல்லா எடத்துலயும்தான்.”

“முதுகுல தெறிச்சுச்சா?”

“உச்சந்தலை வரைக்கும் தெறிச்சுச்சுண்ணே. உக்காரவே முடியல.”

கேலி செய்கிறாரோ என்று வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“குடுத்து வச்ச ஆளு தம்பி நீங்க” என்றார் இவர்.